சட்டிக்குப் போகிற வைனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சமையலுக்கு வாங்கும் சிவப்பு வைனுக்கு நான் கொடுப்பது மூன்று யூரோவிலிருந்து ஆறு யூரோ வரைதான். அதற்கு மேலே போக இதுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மூன்றுக்குக் கீழே போகாமல் இருக்கக் காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாரிஸில் இருக்கிறேன். இங்கே வந்த எங்கள் ஆட்களில் கனபேரைப் போல நானும் உணவகக் குசினியில் ப்ளோஞ்சில், அதாவது கோப்பை கழுவும் இடத்தில்தான் தொடங்கினேன். பிறகு மரக்கறி வெட்ட விட்டார்கள். அப்புறம் சோஸ் வைக்கும் பக்கம். அங்கே நின்ற வருடங்களில்தான் வைனைப் பற்றி ஏதோ கொஞ்சம் பிடிபட்டது. குடிப்பதில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. சட்டியில் வற்றவிட்டு, கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். ஆகவே எந்தப் போத்தலில் செர்ரி வாசம் வரும், எதில் தோல் வாசம் வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள். வற்றினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கேட்கிறவர்களுக்குக் குறைவில்லை. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் சாமான் வாங்கப் போனால் யாராவது ஒருவர் மறித்து, "அண்ணை, பெஃப் பூர்கிஞோன் வைக்க எந்த வைன் வாங்கிறது? பிள்ளை பள்ளிக்கூடத்தில சாப்பிட்டுப் பழகி வீட்டிலயும் கேக்குது" என்பார். மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் மணிக்கணக்கில் வேகவைக்கும் பிரெஞ்சுச் சமையல் அது. சுப்பர்மார்க்கெட்டில் வைன் தட்டுகளுக்கு முன்னால் நின்றபடி தொலைபேசி எடுப்பவர்களும் உண்டு. அத்தனை போத்தல் கண்முன்னால் இருந்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். குடிக்காத ஆளென்றால் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு அவ்வப்போது சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் உணவகத்தில் நடப்பது. மேசைக்குப் போகிற வைன் பட்டியலில் நாற்பது யூரோ போத்தல் இருக்கும், எண்பது யூரோவும் இருக்கும். அதே நேரம் குசினி மூலையில் பத்து லீட்டர் அட்டைப்பெட்டி ஒன்று குழாயோடு உட்கார்ந்திருக்கும். மேசையில் இருப்பவர் விலையுயர்ந்த போத்தலோடு சாப்பிடுகிற இறைச்சி அந்தப் பெட்டி வைனில்தான் வெந்தது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, எந்தச் செஃப்பும் இதை மறைப்பதுமில்லை. என்னை சோஸ் பக்கம் எடுத்த செஃப், வைனுக்குப் பேர்போன பூர்கோன் வட்டாரத்து ஆள், வைன் விஷயத்தில் வீம்பு பிடித்தவர். அவரே புதுப் பெட்டி வந்ததும் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துப் பார்ப்பார். முகம் சுளிக்காமல் அந்த ஒரு கிளாஸை முடிக்க முடிந்தால் சமையலுக்குச் சரி. இரண்டாவது கிளாஸ் கேட்கத் தோன்றினால் அது குசினிக்குத் தேவைக்கு மேல் நல்ல வைன் என்பார்.

"குடிக்க முடியாத வைனில் சமைக்காதே" என்று எல்லாச் சமையல் புத்தகங்களிலும் ஒரு வரி வரும். பாதி சரி. கெட்டுப்போன வைன் சட்டிக்குள் போனால் கெட்ட சோஸ்தான் வரும். ஆனால் அந்த வரியை வாசித்துவிட்டு, "அப்ப நல்ல வைனாப் போட்டா இன்னும் நல்லா வரும்" என்று பதினைந்து யூரோ போத்தலை எடுப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது.

ஏன் என்றால், ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீட்டர். ஒரு நல்ல சோஸுக்கு அதைக் கால்வாசி, மூன்றிலொரு பங்கு வரை வற்றவைக்கிறோம். வற்றும்போது முதலில் ஆவியாகிப் போவது வாசமும் அல்கஹோலும். சட்டியில் மிஞ்சுவது புளிப்பு, துவர்ப்பு, சீனி இருந்தால் சீனி, நிறம், மரப்பீப்பாயில் வைத்திருந்தால் அந்த மரத்தின் கசப்பு. மிஞ்சுவது எல்லாம் மூன்று நான்கு மடங்கு செறிந்து நிற்கும். விலை கூடிய போத்தலில் நாம் காசு கொடுப்பது எதற்கு? பெயருக்கு, வயதுக்கு, பீப்பாய்க்கு, நுணுக்கமான வாசத்துக்கு. வாசம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். பீப்பாய்க் கசப்பு சட்டியில் தங்கும். காசு கொடுத்து வாங்கியது போய், வேண்டாதது நிற்கிறது.

இதை எங்கள் வீட்டுச் சமையல் தெரிந்த ஆட்களுக்கு விளங்கவைப்பது சுலபம். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் வைனிலும் பிரதான அமிலம். குழம்புக்குக் கரைத்த புளி பச்சை வாசம் போகும்வரை கொதிக்க வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைனையும் அப்படியே நடத்துங்கள். புளிக்கரைசலை இறக்குகிற நேரத்தில் ஊற்றமாட்டோம். வைனையும் அப்படி ஊற்றக்கூடாது. இந்த ஒன்று பிடிபட்டால் மீதி விஷயங்கள் தானாக வரும்.

வாங்கும்போது நான் தவிர்ப்பது மூன்று: அதிகத் துவர்ப்பு, மரவாசம், இனிப்பு. இந்த மூன்றும் இல்லாத எந்த வைனும் சமையலுக்கு ஆகும்.

துவர்ப்பைத் தருவது தனின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. குடிக்கும்போது நாக்கை இழுத்துப் பிடிப்பது அதுதான். எந்தத் திராட்சையில் கூட, எதில் குறைவு என்று நான்கைந்து பெயர் தெரிந்தால் போதும். கமே, பினோ நுவார் இரண்டிலும் குறைவு. கிரெனாஷும் மென்மையானது. மெர்லோ நடுத்தரம். கபர்னே சோவின்யோனில் கூட. தென்மேற்கில் மதிரான் என்று ஒரு ஊர் வைன் வரும், தனா என்கிற திராட்சையில் செய்வது, கறுப்பாக மையைப் போல இருக்கும். அதை வற்றவைத்தால் வாயைத் திறக்க முடியாது. மல்பெக் திராட்சையில் செய்யும் காஓர் வைனும் ஏறத்தாழ அதே குடும்பம்.

என் கை பழக்கத்தில் போவது கோத் து ரோன். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வைன், பெரும்பாலும் கிரெனாஷும் சிராவும் கலந்தது. எல்லாச் சுப்பர்மார்க்கெட்டிலும் நான்கு ஐந்து யூரோவுக்கு நிற்கும். பழச்சுவை உண்டு, துவர்ப்பு அளவோடு, வற்றினாலும் முரண்டு பிடிக்காது. அதே பக்கத்து வாந்து, தெற்கில் லாங்டொக் பகுதியின் கோர்பியேர், பேயி தொக் என்று எழுதியிருக்கும் மெர்லோ, இவையும் அந்த விலையில் அதே வேலையைச் செய்யும். ஒன்று இல்லையென்றால் இன்னொன்று. இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

தென்மேற்கின் பேர்போன வைனான போர்தோ மலிவாகக் கிடைத்தால் கவனம். போர்தோ என்ற பெயரைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடும். நான்கு யூரோ போர்தோவும் அதே விலைக் கோத் து ரோனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுப்பேன். அந்த விலையில் வரும் போர்தோக்கள் சிலவற்றில் பழம் குறைவாகவும் துவர்ப்பு முன்னுக்கும் நிற்கிறது. அதற்காகப் போர்தோவை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதில்லை. மாட்டுக் கன்னம் போல நார்ச்சதை நிறைந்த துண்டை மூன்று நான்கு மணி நேரம் வேகவைக்கும்போது இறைச்சியின் புரதம் தனினைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கிவிடும். பொரித்த இறைச்சிக்கு மேலே ஊற்ற, பத்து நிமிடத்தில் சட்டியில் வற்றவைக்கிற சோஸ் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே மென்மையான வைன்தான் வேண்டும்.

போஜோலேக்கு ஒரு தனி வார்த்தை. அது கமே திராட்சையில் செய்யும் வைன். 1395-ல் பூர்கோன் கோமகன் பிலிப் இந்தக் கொடியைக் கெட்டது, துரோகமானது என்று திட்டி, தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். கொடி தெற்கே போஜோலே மலைகளில் பிழைத்துக்கொண்டது. துரோகி என்றாலும் குசினியில் நல்ல பிள்ளை. துவர்ப்பு மிகக் குறைவு, புளிப்பு உயிரோடு இருக்கும். சிவப்பு வைன் சோஸில் முட்டையை உடைத்து வேகவைக்கும் எஃப் ஆன் மெரெத்துக்கும் கோழிக்கும் எனக்கு இதுதான் விருப்பம். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை புதுப் போஜோலே வரும், ஊரே ஆரவாரமாக இருக்கும். ஆரவாரம் அடங்கிய பிறகு மிஞ்சுகிற போத்தல்களின் விலையைக் கவனித்துப் பாருங்கள்.

மரவாசத்தைக் கண்டுபிடிக்கப் போத்தலைத் திறக்கத் தேவையில்லை. லேபிளில் "எல்வே ஆன் ஃபூ த ஷேன்" (élevé en fût de chêne) என்று பிரெஞ்சில் எழுதியிருந்தால் ஓக் பீப்பாயில் வைத்தது என்று பொருள். பெருமைக்காகத்தான் எழுதுகிறார்கள், ஆகவே ஒளிக்கமாட்டார்கள், பெரிய எழுத்திலேயே இருக்கும். அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுங்கள். "முவலே" (moelleux), "து" (doux) என்ற சொற்கள் இனிப்பைக் குறிக்கும். இனிப்பு வைன் வற்றினால் பாகுபோல ஆகிவிடும். அல்கஹோல் அளவு பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றரை சதவீதத்துக்குள் இருக்கட்டும். பதினான்கரை என்றால் வெயிலில் நன்றாகப் பழுத்த திராட்சை. பழச்சுவை ஜாம் பக்கம் சாயும். வருடம் இரண்டு மூன்று பழசாக இருந்தால் போதும், அதற்கு மேல் வயது நமக்குத் தேவையில்லை.

தங்கப் பதக்கம் ஒட்டிய போத்தல்கள் பற்றிக் கேட்பார்கள். பாரிஸ் விவசாயக் கண்காட்சியோடு நடக்கும் போட்டி உட்படப் பல போட்டிகளின் பதக்கங்கள் அவை. குடிக்கக் கொடுத்துத் தீர்ப்புச் சொல்லப்பட்டவை. சோஸாக வற்றவைத்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அதே போலத்தான் தரப் பெயர்களும். ஊர்ப்பெயருக்குச் சட்டக் காவல் உள்ள வைன், அதைவிடத் தளர்வான வட்டார வைன், "வான் த பிரான்ஸ்" என்று நாட்டுப் பெயர் மட்டும் போட்ட வைன் என்று மூன்று படி இருக்கிறது. சட்டிக்கு மூன்றாவது படியில் இருந்தும் நல்ல வைன் எடுக்கலாம். நான் எடுக்கிறேன்.

மூன்று யூரோவுக்குக் கீழே ஏன் போவதில்லை என்றால், அங்கே பெரும்பாலும் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாட்டு வைன்களைக் கலந்தது, பிளாஸ்டிக் போத்தலில் வருவது. அதில் சமைத்தால் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் பலவற்றில் உடம்பே இல்லை. வற்றினால் நிறமும் புளிப்பும் மட்டும் வரும், நடுவில் ஒன்றுமிருக்காது. ஒரு யூரோ மிச்சம் பிடிக்கப் போய், அந்த இடத்தை நிரப்பத் தக்காளிக் களியும் சீனியும் வெண்ணெயும் தேட வேண்டிவரும்.

இன்னொன்றையும் தொடுவதில்லை. சமையல் வைன் என்றே பெயர் போட்டு, குடிக்க முடியாதபடி உப்பும் மிளகும் சேர்த்து விற்பார்கள். அதில் பழுது ஒன்றுமில்லை, ஆனால் வற்றவைக்க வைக்க உப்பும் ஏறும். உப்பின் பிடி நம் கையில் இருக்க வேண்டும். சமையலில் அதை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

சரி, பெஃப் பூர்கிஞோனுக்குப் பூர்கோன் வைன் கட்டாயமா? வீம்புக்காரச் செஃப்பே கட்டாயமில்லை என்றுதான் சொல்வார். பூர்கோன் பினோ நுவார் இன்று சாதாரணக் கடையிலேயே பத்து யூரோவைத் தாண்டிவிட்டது.  அந்த மண்ணின் பெயர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இரண்டு வழி சொல்வேன். ஒன்று பாஸ் து கிரேன், பினோவும் கமேயும் கலந்தது, 1937 முதல் சட்டப் பெயர் உள்ளது. மற்றது 2011-ல் வந்த கொத்தோ பூர்கிஞோன் என்கிற பெயர். இரண்டும் தனிப் பினோவை விட மலிவு. விருந்துக்கு வருகிறவர் பூர்கோன் பக்கத்துக்காரராக இருந்தால் மட்டும் நான் அதை வாங்குவேன். லேபிள் தெரியும்படி போத்தலை மேசையிலும் வைத்துவிடுவேன், மரியாதைக்கு.

லண்டனில் இருக்கும் தங்கச்சிக்கு இந்த விலைக்கணக்கு பொருந்தவில்லை. "அண்ணா, நீ சொன்ன மாதிரி நாலு பவுணுக்குத் தேடினா ஒண்டும் இல்லை, இருக்கிறதும் வாயில வைக்கேலாமல் கிடக்கு" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரான்ஸில் சாதாரண வைன் மீதான மதுவரி நூறு லீட்டருக்கு நான்கு யூரோ அளவு, அதாவது ஒரு போத்தலுக்கு மூன்று சதம். பிரித்தானியாவில் 2023 ஆகஸ்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு சாதாரண போத்தல் ஒன்றுக்கு மதுவரி மட்டுமே இரண்டரைப் பவுணுக்கு மேல். அதற்கும் சேர்த்து இருபது வீத விற்பனை வரி வேறு. ஐந்து பவுண் போத்தலில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போகிறது. மீதியில் கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல், கடைக்காரர் லாபம் எல்லாம் கழித்தால் வைனுக்கு என்று என்ன மிஞ்சும்? ஆகவே அங்கே இருப்பவர்கள் ஏழு எட்டுப் பவுணில் தேடுவதுதான் இங்கே நான்கு ஐந்து யூரோவில் தேடுவதற்குச் சமம். நீங்கள் இருக்கும் நாட்டில் ஒரு போத்தலில் வரி எவ்வளவு என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டால், எந்த விலையில் வைனுக்கான காசு தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

வாங்கி வந்த பிறகு ஒரு சோதனை. குசினியில் புது வைன் வந்தால் இதைத்தான் செய்வோம். அரைக் கிளாஸ் அளவு சிறிய சட்டியில் ஊற்றி, இரண்டு கரண்டி ஆகும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து நாக்கில் வையுங்கள். புளிப்பு இருக்கும், அது இருக்கத்தான் வேண்டும். கசப்போ, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போ, பாகு இனிப்போ முன்னுக்கு வந்தால் அந்தப் போத்தலை வேறு வேலைக்கு வையுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒன்றரைக் கிலோ இறைச்சியைக் காப்பாற்றும்.

சட்டி விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய சட்டி என்றால் அலுமினியச் சட்டிதான் இருக்கும். வைனின் அமிலம் அலுமினியத்தோடு சேர்ந்தால் உலோகச் சுவை வரும். பூச்சில்லாத இரும்புச் சட்டியும் அப்படித்தான். புளிக்குழம்புக்கு அம்மா மண்சட்டி எடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். எனாமல் பூசிய கனத்த இரும்புச் சட்டி இருந்தால் சிறப்பு, இல்லாவிட்டால் அடி கனத்த எவர்சில்வர் சட்டி.

செய்முறையை முழுதாக எழுதப் போவதில்லை, எங்கும் கிடைக்கும். வைன் சம்பந்தப்பட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்றரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு போத்தல். இரவு முழுக்க வைனில் ஊறவைப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் வைன் உள்ளே வரை போகும் என்று நினைக்க வேண்டாம், மேலே மேலேதான் நிற்கும். ஊறவைத்தாலும் வைக்காவிட்டாலும் துண்டுகளைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுத்தான் வறுக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் இறைச்சி சிவக்காது, அவியும். சோஸ் ஊதா நிறத்தில் வெளுத்து நிற்கிறது என்று என்னிடம் முறையிடுகிறவர்கள் எல்லோரும் வைனைக் குறை சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் இறைச்சி சிவந்திருக்காது, வைனும் வற்றியிருக்காது. இறைச்சி நன்றாகச் சிவந்து, வெங்காயமும் கரட்டும் வதங்கி, மாவு ஒரு கரண்டி, தக்காளிக் களி ஒரு கரண்டி வறுபட்ட பிறகு வைனை ஊற்றுங்கள். மூடாமல் பாதியாகும்வரை கொதிக்கட்டும். அதற்குப் பிறகுதான் இறைச்சி அவித்த சாறு. அப்புறம் மூடி, 150 பாகை ஓவனில் மூன்று மணி நேரம். உப்பைக் கடைசியில் பாருங்கள்.

முடிந்த பிறகு புளிப்புத் தூக்கலாக இருந்தால் வழி உண்டு. ஒரு சிட்டிகை சீனி, இல்லையென்றால் ஒரு சிறு துண்டு கறுப்புச் சொக்கலேட், கடைசியில் ஒரு கரண்டி வெண்ணெய். அடுத்த முறை கரட் ஒன்றைக் கூடப் போடுங்கள். கசப்புக்கு மட்டும் வழியில்லை. சீனி போட்டால் கசப்பும் இனிப்பும் தனித்தனியாகத் தெரியும், அவ்வளவுதான்.

இனி எங்கள் வீடுகளில் எல்லோரும் கேட்க நினைத்து, பாதிப் பேர் கேட்காமல் விடும் கேள்வி. பிள்ளைகள் சாப்பிடலாமா? கொதித்தால் அல்கஹோல் முழுக்கப் போய்விடும் என்று குசினியில் வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். அல்கஹோல் 78 பாகையில் கொதிக்கும் என்பது உண்மை, ஆனால் தண்ணீரோடு கலந்திருக்கும்போது அது அப்படித் தனியாகப் பிரிந்து ஓடுவதில்லை. அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி கால் மணி நேரம் கொதித்த பிறகும் நாற்பது வீதம் மிஞ்சும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இருபத்தைந்து, இரண்டு மணிக்குப் பிறகு பத்து, இரண்டரை மணிக்குப் பிறகு ஐந்து வீதம். நெருப்புப் பற்றவைத்து அணைப்பது பார்க்கத்தான் அழகு, அதில் முக்கால்வாசி அப்படியே நிற்கும். கணக்குப் போட்டால், பன்னிரண்டரை வீத வைன் ஒரு போத்தலில் கிட்டத்தட்ட 94 மில்லிலீட்டர் அல்கஹோல் இருக்கிறது. மூன்று மணி நேரம் வெந்த சட்டியில் ஐந்து மில்லிலீட்டருக்கும் குறைவு, ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு மில்லிலீட்டர்கூட வராது. என் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். ஆனால் மார்க்கத்துக்காகவோ, குடியை விட்ட காரணத்தாலோ, மருந்து எடுப்பதாலோ துளிகூட வேண்டாம் என்கிறவர்களுக்கு அது பூச்சியம் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "எல்லாம் ஆவியாப் போயிட்டுது" என்று சமாளிக்கக்கூடாது.

கோழிக்கு இந்தக் கணக்கு மாறும். கொக் ஓ வான் என்பது முற்றிய சேவலுக்கு உண்டான சமையல், மணிக்கணக்கில் வேக வேண்டும். கடையில் வாங்கும் இளங்கோழி முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் விட்டால் நாராகும். அந்த நேரத்துக்குள் வைன் பக்குவப்படாது, பச்சைப் புளிப்பாக நிற்கும். ஆகவே வைனைத் தனிச் சட்டியில், அகலமானதாகப் பார்த்து, மூன்றிலொரு பங்காக வற்றவைத்துவிட்டுக் கோழியோடு சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை. அதனால் பூர்கிஞோன் முறையிலேயே கோழி வைப்பேன், சில வேளை ஆட்டுத் தொடை. பன்றிக்கொழுப்புத் துண்டுகளுக்குப் பதில் புகையூட்டிய வான்கோழி கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் காளான் மட்டும். பெரிய காளான்களை முழுதாக, நல்ல சூட்டில், கறுக்கிற அளவுக்கு வறுத்து, முன்பே வற்றவைத்த வைனில் அரை மணி நேரம் விட்டால் சோஸ் இறைச்சியில் செய்ததற்குக் குறையாது. வைனைத் தெளிவாக்க மீன் பசையோ முட்டை வெள்ளையோ பாவிப்பதுண்டு என்பதால், கண்டிப்பான சைவர்கள் வீகன் என்று குறித்த போத்தலாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

நம் சரக்குத் தூளும் வைனும் சேருமா? கறுவா, கராம்பு, மிளகு, பிரிஞ்சி இலை நன்றாகச் சேரும். பெருஞ்சீரகமும் அளவாகப் போட்டால் சேரும். வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள் போட்டால் வைன் இருக்கிற இடம் தெரியாது, வாங்கிய காசு வீண். செத்தல் மிளகாய் உறைப்போ துவர்ப்பை இன்னும் எழுப்பிவிடும். உறைப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சம்பல் வைத்துச் சாப்பிடுங்கள்.

மிஞ்சிய வைனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலிவு என்பதில் இது பாதி. குடிக்காத வீட்டில் திறந்த போத்தல் தங்கும். மூடி, குளிர்பெட்டியில் வைத்தால் சமையலுக்கு நான்கு ஐந்து நாள் தாங்கும். காடி வாசம் அடித்தால் ஊற்றிவிடுங்கள், சட்டியில் அது சரியாகாது. அடிக்கடி சமைப்பவர்களுக்கு மூன்று லீட்டர் பெட்டி நல்லது. உள்ளே இருக்கும் பை சுருங்கிக்கொண்டே வருவதால் காற்றுப் போகாது, திறந்து ஒரு மாதம் இருக்கும், லீட்டர் விலையும் போத்தலை விடக் குறைவு. எப்போதாவது சமைப்பவர்கள் மிஞ்சியதை உடனேயே வற்றவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடலாம். இரண்டு கட்டி எடுத்து வறுத்த சட்டியில் போட்டு, கொஞ்சம் சாறும் வெண்ணெயும் சேர்த்தால் வேலைநாள் இரவில்கூடச் சோஸ் தயார். உறைந்த கட்டிகளைப் பையில் போட்டு என்னவென்று எழுதி ஒட்டிவையுங்கள். பார்க்கத் திராட்சைச் சாறு ஐஸ் போலவே இருக்கும், பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் கோடையில் தேடி எடுத்துவிடுவார்கள்.